முதல் உலகப் போரின் நடுவிலேயே அயர்லாந்து விடுதலை அடைந்திருக்க முடியுமா?

நடந்த வரலாற்றில் ஒரே ஒரு நிகழ்வை மாற்றிவைத்து, அப்புறம் எல்லாம் எப்படிப் போயிருக்கும் என்று யோசிப்பதுதான் மாற்று வரலாறு. அயர்லாந்து விஷயத்தில் அப்படி மாற்றிப் பார்க்கத் தோதான இடம் 1916 ஏப்ரல்; பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகத் தலைநகர் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி என்ற கிளர்ச்சி வெடித்த மாதம்.

பிரிட்டன் அப்போது பிரான்சில் ஜெர்மனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அதன் கவனம் சிதறியிருந்ததே கிளர்ச்சியாளர்களின் நம்பிக்கை. ஜெர்மனி சுமார் 20,000 துப்பாக்கிகளை, நார்வே நாட்டுக் கப்பல் போல வேடமிட்ட 'ஔட்' கப்பலில் அனுப்பியது. துப்பாக்கிகளைக் கரையில் இறக்கும் நாளைக் கிளர்ச்சியாளர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். செய்தி போய்ச் சேர்வதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. அதில் வயர்லெஸ் கிடையாது. வியாழக்கிழமையே அயர்லாந்தின் தென்மேற்கில் உள்ள ட்ரலீ விரிகுடாவில் வந்து நின்றது. கரையிலிருந்து எதிர்பார்த்த சைகை வரவேயில்லை. பிரிட்டிஷ் கடற்படை மடக்கிக் கார்க் துறைமுகம் பக்கம் கொண்டுபோனபோது, மாலுமிகளே கப்பலை மூழ்கடித்தார்கள். முகூர்த்தத்தை மாற்றிவிட்டுச் சமையல்காரருக்குச் சொல்லாமல் விட்ட கல்யாணம் மாதிரிதான்: அண்டா குண்டாவோடு ஆள் வந்து நிற்கிறார், மண்டபம் பூட்டிக் கிடக்கிறது.

சரி, துப்பாக்கிகள் இறங்கியிருந்தால்? டப்ளினோடு நிற்காமல் தெற்கிலும் மேற்கிலும் சண்டை வாரக்கணக்கில் நீண்டிருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் கடல் பிரிட்டன் கையில் இருந்தது. அடுத்த கப்பலுக்கு வழியில்லை. வடக்கே அல்ஸ்டரில் பிரிட்டனோடே இருக்க விரும்பியவர்கள் ஏராளம். முழு விடுதலைக்கு ஜெர்மனி போரையே வென்றிருக்க வேண்டும்.

1916 ஈஸ்டர் எழுச்சியிலேயே அயர்லாந்து விடுதலை பெற்றுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள்; அது 6 நாளில் அடக்கப்பட்டது, ஐரிஷ் சுதந்திர அரசு அமைந்தது 1922 டிசம்பரில்.