தோட்டத்து ஊரில் தனியாக இருக்கும் அம்மா மாத்திரையை மறக்காமல் சாப்பிட என்ன வழி?

கேள்வியின் சுருக்கம்: அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு மூன்றுக்கும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) மருந்து வாங்குகிறார். சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் கோலாலம்பூரில். கைப்பேசியில் அலாரம் வைத்தும் மாத்திரை மிஞ்சுகிறது.

அலாரத்தை விடுங்கள். அது அடிக்கும்போது கை மாவில் இருக்கும். அணைத்துவிட்டு வேலையை முடித்தால் மாத்திரை போச்சு. அதோடு, மிஞ்சும் மாத்திரைக்கெல்லாம் மறதியே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல வீடுகளில் நடப்பது குழப்பம்.

அடுத்த முறை ஊருக்குப் போனதும் வீட்டிலிருக்கும் மருந்து அத்தனையும் மேசையில் கொட்டுங்கள். பிஸ்கட் டின், சாமி மேடை, ஐஸ்பெட்டியின் மேல்பக்கம், கோயிலுக்கு எடுத்துப்போகும் பை, எதையும் விடாதீர்கள். உறையில் பெரிதாக இருக்கும் பிராண்ட் பெயரைப் பார்க்காமல், அடியில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் படியுங்கள். அரசு கிளினிக்குக்கு மருந்து தரும் கம்பெனி அவ்வப்போது மாறும். போன தடவை வெள்ளையாக வட்டமாக இருந்த அம்லோடிபின் (இரத்தக் கொதிப்பு மருந்து) இந்தத் தடவை வேறு நிறம், வேறு வடிவம். பழையதும் பாதி மிச்சமிருந்தால் இரண்டையும் இரண்டு மருந்தென்று நினைத்துச் சேர்த்துச் சாப்பிடுவார்கள். இல்லையென்றால் "இது என் மருந்து இல்ல" என்று புதியதை ஒதுக்கிவிடுவார்கள். டவுனில் தனியார் கிளினிக்கிலும் காட்டியிருந்தால் அதே மருந்து வேறு பெயரில் கிடக்கலாம். கால்வலிக்கென்று தானாக வாங்கிய டைக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரை இருக்கிறதா பாருங்கள். அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அப்பாயிண்ட்மெண்ட் புத்தகத்தோடு கிளினிக் ஃபார்மசி கவுண்டருக்குக் கொண்டுபோங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு நாலு வேளையை இரண்டாகக் குறைக்க முடியுமா? சில மருந்துகளை ஒரு வேளை மருந்தாக டாக்டர் மாற்றித் தருவார். இதில் கிடைக்கும் பலன் எந்த மாத்திரைப் பெட்டியிலும் கிடைக்காது. நீங்களாகக் குறைக்கவோ நேரத்தை மாற்றவோ வேண்டாம்.

லேபிளில் மலாயில் 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன், 'செலெபாஸ் மாக்கான்' என்றால் பின். கண் மங்கியவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மருந்தின் பெயரை மறைக்காமல் பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம்தான் பெட்டி. ஏழு நாளுக்கும் வேளைவாரியாக அறை பிரித்தது வாங்குங்கள். மூடியை அம்மாவின் விரல் திறக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஆங்கில எழுத்தின்மேல் ஞா, தி, செ என்று ஒட்டுங்கள். நிரப்பும்போது ஒரு மருந்தை எடுத்து ஏழு நாளுக்கும் போட்டு முடித்த பிறகே அடுத்த மருந்தைத் தொடுங்கள். ஒரு நாளை முழுதாக முடித்து அடுத்த நாளுக்குப் போனால் எண்ணிக்கை தவறும். தினசரி மருந்துதான் என்றால் கடைசியில் ஏழு காலை அறையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். டாக்டர் அளவை மாற்றினால் எல்லாவற்றையும் பிரித்தெடுக்க வேண்டிவரும்.

அட்டையைக் கத்தரித்து ஒவ்வொரு மாத்திரையையும் உறையோடு அறையில் போடும் பழக்கம் ஆபத்தானது. வயதானவர்கள் அதை அப்படியே விழுங்கிவிடுவதுண்டு. கூரான முனை உணவுக்குழாயைக் கிழிக்கும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரை பெட்டிக்குள் போகவே கூடாது. அதன் கண்ணாடிக் குப்பியிலேயே இருக்கட்டும், திறந்த தேதியைக் குப்பிமேல் எழுதி 8 வாரத்தில் மாற்றுங்கள். வலிப்புக்கான எபிலிம் ஈரத்தை இழுக்கும், அதையும் உறையிலேயே விடுங்கள். பெட்டியை அடுப்புப் பக்கமோ வெயில் விழும் ஜன்னலிலோ வைக்காதீர்கள்.

இனி எந்த வேலையோடு மாத்திரையைச் சேர்ப்பது என்ற விஷயம். இங்கேதான் தோட்டத்து வீடுகளில் சறுக்கும். பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) போன காலத்துப் பழக்கம் விடாது. ஐந்து மணிக்கு எழுந்து ஒரு கோப்பிஓ (பாலில்லாத கோப்பி), பசியாறுவது எட்டு ஒன்பதுக்கு. "காலைக் கோப்பியோடு போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டால் சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லாசைட் உள்ளே போய் மூன்று நான்கு மணி நேரம் வயிறு காலி. சர்க்கரை இறங்கி வேர்வை, நடுக்கம், தலைசுற்றல் வரும். சாதாரண 80 மில்லிகிராம் கிளிக்லாசைட்டைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போடச் சொல்லியிருந்தால், தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும் முன் என்று வையுங்கள். இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் தட்டு வந்த பிறகு. நீர் மாத்திரை காலையில்தான், இரவில் போட்டால் இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து விழுவார்கள். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் இரவு மருந்து, கதவைத் தாழ்போடும்போது போடலாம்.

சர்க்கரை இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் நீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999 அழையுங்கள். வெள்ளிக்கிழமை விரதம், புரட்டாசிச் சனி, தைப்பூசம் வருவதற்கு முன்பே கிளினிக்கில் கேட்டு அந்த நாளுக்கான அளவை எழுதி வாங்குங்கள். இது கிளிக்லாசைட்டுக்கும் இன்சுலினுக்கும் கட்டாயம்.

விட்டுப்போன வேளைக்கு இரட்டை மாத்திரை எப்போதும் கிடையாது. காலை அழுத்த மாத்திரை மதியம் நினைவு வந்தால் போடலாம், படுக்கும் நேரத்தில் வந்தால் விட்டுவிடலாம். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின் அதே நாளில் நினைவு வந்தால் மட்டும். மறுநாள் என்றால் வழக்கமான அளவு போதும், விட்டதைப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் "மருந்து சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "ஆச்சுப்பா"தான். "புதன் ராத்திரி அறையில என்னம்மா இருக்கு?" என்று கேளுங்கள், அல்லது பெட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த அறை மிஞ்சுகிறது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பஸ் ஏறும் நாளில் மட்டும் நீர் மாத்திரை மிஞ்சினால் அது மறதியே அல்ல, வழியில் பாத்ரூம் கிடைக்காதே என்ற பயம். திட்டாமல் டாக்டரிடம் சொல்லி அந்த நாளுக்கு நேரம் மாற்ற முடியுமா கேளுங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் எல்லா அறையும் கலந்து கிடந்தால், நினைவாற்றல் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். அதுவரை பெட்டி பக்கத்து வீட்டில் இருக்கட்டும், அந்தந்த வேளைக்கு அவர்கள் கொடுப்பார்கள்.

மாதாமாதம் மருந்தெடுக்கப் போக ஆளில்லை என்றால் கவுண்டரில் 'உபாட் மெலாலுய் போஸ்' கேளுங்கள், தொடர் மருந்து தபாலில் வரும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுபவர் என்றால் எஸ்பியுபி (அரசு மருந்தகங்கள் சேர்ந்து மருந்து தரும் ஏற்பாடு) மூலம் அந்த மருந்தை ஊர் கிளினிக்கிலேயே எடுக்கலாம். இரண்டுக்கும் மருந்து தீரும்வரை காத்திராமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.