டப்பாவும் வடகமும்

வணக்கம் ஐயா,

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். கணவர் விவசாயம் பார்க்கிறார். எனக்கு மயிலாடுதுறையில் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறேன். இரண்டு பிள்ளைகள், மாமியார். விடிந்தால் ஒரே கூச்சல். சாக்ஸைக் காணோம், பைக் சாவியைக் காணோம், கையெழுத்துப் போடவேண்டிய ரேங்க் கார்டைக் காணோம். யூடியூபில் பார்த்து 2,000 ரூபாய்க்கு டப்பா வாங்கி, பெயர் எழுதி ஒட்டி அடுக்கினேன். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. பாதி டப்பாவில் மாமியார் வடகம் போட்டு வைத்துவிட்டார். வீட்டில் கொஞ்சம் அமைதி வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் செய்ததுதான் சரி என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? வெயிலில் கிடந்து காய்ந்த வெங்காய வடகம் ஐப்பசி மழையில் நமத்துப்போனால் அத்தனை பாடும் வீண். அதற்குத்தான் காற்றுப் புகாத டப்பா வேண்டும். ஹேர்பின்னுக்கும் பேனாவுக்கும் எதற்கு?

காணாமல்போன மூன்று பொருளில் ஒன்றுகூட உங்களுடையது இல்லை, கவனித்தீர்களா? ஆனால் மூன்றையும் உங்களிடம்தான் கேட்கிறார்கள். உங்கள் தலையைத்தான் வீட்டுக்குப் பரணாக வைத்திருக்கிறார்கள். டப்பாவில் ஒட்டிய பெயரும் உங்களுக்கு மட்டும் புரிகிற கணக்கு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய ராத்திரி. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஓட்டு வீட்டில் நான் மட்டும். மனைவி தன் அம்மாவுக்குத் துணையாகத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நடுராத்திரிக்கு மேல் ஓடு பறக்க ஆரம்பித்தது. பட்டா, பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கும் என்பது வரை எனக்குத் தெரியும். வீட்டில் டிரங்குப் பெட்டி இரண்டு. போன் கிடைக்கவில்லை. ஒன்றைத் தூக்கிக்கொண்டு காரை போட்ட சமையலறைக்குள் போய் விடியும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் திறந்தால் பழைய கல்யாணப் பத்திரிகைகள், ஒரு கட்டுக் காலண்டர். நிவாரணப் பட்டியலுக்கு நகல் கேட்டபோது ஈரப் பாஸ்புக்கை ஓடுமேல் உலர்த்திக்கொண்டிருந்தோம்.

இப்போது கூடத்தில் ஆணியில் ஒரு நீல ஜிப் பை தொங்குகிறது. பார்க்க அசிங்கம்தான். ஆனால் பயிர்க் காப்பீட்டுக்கு நிலத்தின் சிட்டா, அடங்கல் ஆவணங்கள், பாஸ்புக் என்று கேட்டால் வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு ஓடலாம். உங்கள் வீட்டுக்கும் அது முதலில் வேண்டும்.

மற்றதற்கு ஒன்று செய்து பாருங்கள். எந்தப் பொருள் எங்கே விழுகிறது என்று ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். சாவியை உங்கள் கணவர் திண்ணை ஜன்னலில் வைக்கிறார் என்றால் ஆணியை அங்கேயே அடியுங்கள். பீரோவுக்குள் அழகான கொக்கி வேண்டாம், வயலிலிருந்து சேற்றுக்காலோடு வருகிறவர் பீரோ வரை வரமாட்டார். பிள்ளைகள் சாக்ஸைக் கழற்றுவது ரேழியில் என்றால் கூடையும் ரேழியில். பழைய வீடுகளில் வாசல் பக்கமே மாடக்குழி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அடுப்படியில் மட்டும் மாமியாரைக் கேட்காமல் எதையும் இடம் மாற்றாதீர்கள். அது அவர் ராஜ்ஜியம்.

அப்புறம், காலையில் ஒழுங்குபடுத்த முயலாதீர்கள். உங்கள் கணவரிடம் கேளுங்கள், ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்தபிறகு யாராவது வாய்க்காலைத் தூர் வாருவார்களா? கோடையிலேயே முடிக்கவேண்டிய வேலை. ஏழு மணிக்கு உங்கள் வீட்டு வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து கால்மணி நேரம், பை, யூனிபார்ம், கையெழுத்து. உங்கள் கணவரும் கூடவே உட்காரட்டும், ரேங்க் கார்டில் அவர் கையெழுத்தும் செல்லும்.

பரணை இறக்கி வீட்டை ஒழிக்கிற பெரிய வேலையைப் போகிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அப்போது சம்பா அறுப்பு தலைமேல் நிற்கும், இறக்கியதெல்லாம் அப்படியே பரணுக்குத் திரும்பும். வைகாசித் தொடக்கத்தில் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு லீவு, வயலும் பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

கூச்சல் மொத்தமாக நிற்காது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் என் மூக்குக்கண்ணாடிக்காக ஒரு சத்தம் உண்டு.

அந்த வடக டப்பாக்களை மட்டும் மாமியாரிடம் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள்.