ஏட்டில் இருக்கிற எடைதான் கணக்கு
வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டு டோலும் பெரிய கேரவனும்

குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் என்பது பழைய செய்தி. அந்தப் பிள்ளைகள் அங்கே கேரவன் வண்டி (மோட்டார் ஹோம்) வாங்கி, ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா சுற்றுவது புதுசு. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டோல் பற்றியே கேட்கின்றன.

கேள்வி: இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகளும் மருமகனும் 4,250 கிலோ மோட்டார் ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். கோடையில் நாங்கள் இருவரும் கூடப் போகிறோம். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி, ஜெர்மனி என்று திட்டம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாஸ் எடுத்தால் போதுமா? — ஒரு வாசகி, தக்கலை

பதில்: போதாது அம்மா. நீங்கள் சொன்ன ஐந்து நாடும் ஐந்து விதம். ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் எடையைப் பார்க்கும். இத்தாலி அச்சு (ஆக்ஸில்) எண்ணிக்கையையும் முன் சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள உயரத்தையும் பார்க்கும். பிரான்ஸ் எடை, உயரம், அச்சு மூன்றையும் பார்க்கும். ஜெர்மனி சொந்த உபயோக மோட்டார் ஹோமிடம் டோலே கேட்காது.

முதல் வேலையாக வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எஃப்.1 என்ற கட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி அதிகபட்சம் எத்தனை கிலோ வரை போகலாம் என்ற எண் அங்கே இருக்கும். டோலுக்கு அதுதான் கணக்கு. வண்டி காலியாக இருக்கிறது, வே பிரிட்ஜில் ஏற்றினால் 3,400தான் காட்டுகிறது என்று வாதாடிப் பயனில்லை. 3,500-க்கு ஒரு கிலோ கூடினாலும் பல நாடுகளில் அது கனரக வண்டி.

இதே எண் வண்டியில் அடித்திருக்கும் தகட்டிலும் இருக்கும். தகட்டில் நான்கு வரி வரும். முதல் வரி வண்டியின் மொத்த எடை. இரண்டாவது, பின்னால் இழுக்கும் டிரெய்லரும் சேர்ந்த எடை. அடுத்த இரண்டும் முன் அச்சு, பின் அச்சுக்கான வரம்பு. அவசரத்தில் இரண்டாவது வரியைப் படித்துவிட்டு, 'ஐயோ, ஆறு டன்' என்று பதறுகிறவர்கள் உண்டு. அதனால் சொல்கிறேன்.

கேள்வி: ஆஸ்திரியாவில் கண்ணாடியில் ஒட்டுகிற பத்து நாள் வின்யெட் வாங்கினால் ஆகாதா? ஏதோ பெட்டி மாட்ட வேண்டும் என்கிறான் தம்பி. — கொளச்சல் வாசகர்

பதில்: தம்பி சொன்னதுதான் சரி. வின்யெட் என்ற டோல் ஸ்டிக்கர் 3.5 டன் வரைக்கும் மட்டும். அதற்கு மேல் 'கோ-பாக்ஸ்' என்ற சிறு கருவி வேண்டும். எல்லைக்கு அருகே உள்ள பெட்ரோல் பங்குகளில் கொடுப்பார்கள். கருவிக்கு 5 யூரோ. டோலுக்கான பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளலாம், அல்லது கார்டோடு இணைத்துப் பின்னால் செலுத்தலாம். ஒரு வாரப் பயணத்துக்கு முன்பணமே லேசு. போகும்போது பதிவுப் புத்தகத்தோடு, எஞ்சின் எந்த யூரோ மாசுத் தரம் என்பதற்கான சான்றும் கையில் இருக்கட்டும். சான்று இல்லையென்றால் அதிகக் கட்டண வகுப்பில் போட்டுவிடுவார்கள்.

இனி மாட்டுகிற விதம். முன் கண்ணாடியின் உள்பக்கம், நடுவில், வைப்பருக்குச் சற்று மேலே. வெயில் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியாக இருந்தால் அலை ஊடுருவாது. அப்படிப்பட்ட வண்டிக்கு வெளியே மாட்டும் வகை இருக்கிறது, வாங்கும்போதே கேட்க வேண்டும். கருவியைக் கையில் வைத்துக்கொண்டோ, டேஷ்போர்டில் கிடத்திவிட்டோ போகக் கூடாது.

கிளம்பும் முன் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தால் 2, 3, 4 என்ற அச்சு விளக்குகளில் ஒன்று எரியும். இரண்டு அச்சு வண்டிக்கு 2. பின்னால் சின்ன டிரெய்லர் கட்டினால் அதன் அச்சும் சேரும். பொத்தானை அழுத்திப் பிடித்து மாற்ற வேண்டும். முகாமில் டிரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பும்போது திரும்ப 2-க்குக் கொண்டுவரவும் வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

சாலையில் ஒவ்வொரு டோல் வளைவின் கீழ் போகும்போதும் காது அங்கே இருக்கட்டும். ஒரு 'பீப்' என்றால் பணம் கழிந்தது. இரண்டு என்றால் கழிந்தது, ஆனால் இருப்பு குறைகிறது, அல்லது கருவியைச் சரிபார்க்கச் சொல்கிறது. நான்கு என்றால் கழியவில்லை. சத்தமே வராவிட்டால் கருவியில் கோளாறு. அதையும் நான்கு பீப் மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு நிலையிலும் 5 மணி நேரத்துக்குள், 100 கிலோமீட்டருக்குள், கோ-பாக்ஸ் விற்கும் ஏதாவது ஒரு இடத்தில் நிறுத்தி விடுபட்டதைக் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. அந்த மணியோ தூரமோ தாண்டினால் அபராதம்தான். ஆகவே பாட்டுச் சத்தம் குறைவாக இருக்கட்டும்.

சிறிய வண்டிக்காரர்கள், ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலி போகும் பிரென்னர் மலைப்பாதைக்கு வின்யெட்டுக்கு மேல் தனி டோல் கொடுக்க வேண்டும். கோ-பாக்ஸ்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதுவும் பெட்டியிலேயே கழிந்துவிடும்.

கேள்வி: வண்டியின் எடையைப் பேப்பரில் 3,500 என்று குறைத்துப் பதிந்துவிட்டால் டோல் மிச்சமாகுமே? — இரணியல் வாசகர்

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஐரோப்பியப் பதிவுப் புத்தகங்களில் எஃப்.1, எஃப்.2 என்று இரண்டு எடை வரும். எஃப்.1 வண்டி தாங்கும் தொழில்நுட்ப எடை, எஃப்.2 அந்த நாடு பதிவில் அனுமதித்த எடை. பேப்பரில் குறைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் குறைக்கிறார்கள். ஆஸ்திரியாவோ 2023 டிசம்பர் 1 முதல் எஃப்.1-ஐப் பார்க்கிறது. அங்கே 4,250 என்று நிற்கிற வரை பெட்டி மாட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, உண்மையான எடை. பதிவில் 3,500 என்று எழுதிவிட்டால் சாலையில் நிறுத்தி எடை போடும்போதும் 3,500-க்குள் நிற்க வேண்டும். கூட்டிப் பாருங்கள். ஓட்டுநரும் டீசலும் சேர்ந்து வண்டி 3,150 என்று வைத்துக்கொள்வோம். மீதி 350. மகள், அம்மா, அப்பா மூவருக்கும் ஆளுக்கு 65 வீதம் 195. தண்ணீர்த் தொட்டியில் 80 லிட்டர் என்றால் 80 கிலோ. வெளியே விரிக்கும் பந்தல் 25. பின்னால் இரண்டு சைக்கிள் 30. மிச்சம் இருப்பது 20 கிலோ. அதற்குள் நான்கு பேர் துணி, பாத்திரம், நாற்காலி எல்லாம் அடங்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோன மட்டை அரிசியும் ஏத்தங்காய் சிப்ஸும் கருப்பட்டியும் ஏறினால் கதை முடிந்தது. கூடுதல் எடைக்கு அபராதம் கட்டி, சாமான் இறக்கிய பிறகுதான் விடுவார்கள். டோல்தான் மலிவு.

கேள்வி: பிரான்ஸில் எந்த லேனில் போவது? டேக் வாங்கலாமா? — மார்த்தாண்டம் வாசகி

பதில்: பிரான்ஸில் 3.5 டன்னுக்கு மேல், அல்லது 3 மீட்டரும் அதற்கு மேலும் உயரம், இரண்டு அச்சு என்றால் வகுப்பு 3. மூன்று அச்சானாலோ, டிரெய்லர் கட்டினாலோ வகுப்பு 4. 3.5 டன்னுக்குள், 2-லிருந்து 3 மீட்டருக்குள் இருக்கும் வண்டிக்கு வகுப்பு 2. கார்களுக்கு விற்கும் சாதாரண டேக் 1, 2 வகுப்புகளை மனதில் வைத்துச் செய்தது. கனரக வண்டிக்குச் செல்லுமா என்று வாங்குவதற்கு முன் வகுப்பு எண்ணைச் சொல்லியே கேளுங்கள். இரண்டு வாரப் பயணத்துக்கு டேக் இல்லாமல் கார்டே போதும் என்பது என் கட்சி. இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறந்துவிட்டுப் புறப்படுங்கள்.

லேனுக்கு மேலே பச்சை அம்பு தெரிந்தால் எல்லா விதப் பணமும் செல்லும். ஆரஞ்சு நிற 't' மட்டும் இருந்தால் டேக்காரர்களுக்கு. 2 மீட்டர் என்று உயரத் தடுப்பு தொங்கும் லேன்கள் கார்களுக்கு. அதில் நுழைந்தால் கூரை ஏசி போய்விடும். எப்போதும் பச்சை அம்பு, வலது ஓரம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்து வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம், நம் ஊர் போல. பிரான்ஸில் டோல் பெட்டி இடது பக்கம். ஆகவே முன் சீட்டில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் கை நீட்டிச் சீட்டு எடுத்துப் பணமும் கட்ட வேண்டும். மோட்டார் ஹோம் சீட் உயரம்; ஜன்னலில் இருந்து எட்டுமா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாவிட்டால் மாமியாரை அந்தச் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். தப்பான வகுப்புத் தொகை திரையில் வந்தால் பணம் போடும் முன்பே உதவிப் பொத்தானை அழுத்துங்கள். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பு.

பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13, ஏ14 சாலைகளிலும், நடு பிரான்ஸில் ஏ79-லும் தடுப்புக் கம்பியே இல்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். 72 மணி நேரத்துக்குள் அந்தச் சாலை நிறுவனத்தின் இணையதளத்தில் பிளேட் எண்ணைப் போட்டுக் கட்ட வேண்டும். கம்பி இல்லையே, இலவசம் போலிருக்கிறது என்று நினைத்துத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கு நோட்டீஸ் வரும்.

டோல் அல்ல, ஆனால் அதே 3.5 டன் கோடு: 2021 ஜனவரி 1 முதல் பிரான்ஸில் இந்த எடைக்கு மேலுள்ள மோட்டார் ஹோமும் ஓட்டுநருக்குத் தெரியாத கோணங்களைக் காட்டும் ஸ்டிக்கரை இரண்டு பக்கமும் பின்னாலும் ஒட்டியிருக்க வேண்டும். தரையிலிருந்து 90 செ.மீ.க்கும் 150-க்கும் நடுவே. பக்கவாட்டில், வண்டியின் முன் முனையிலிருந்து ஒரு மீட்டருக்குள்.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலையைத் தவிர்த்துக் கிராமச் சாலையில் போனால் டோல் இல்லைதானே? — குழித்துறை வாசகர்

பதில்: கார் என்றால் சரி. கனரக மோட்டார் ஹோமுக்கு அங்கே எந்தச் சாலையில் சக்கரம் உருண்டாலும் கட்டணம் உண்டு. ஆனால் பயப்படும் தொகை இல்லை. நாளுக்கு 3.25 பிராங்க், குறைந்தது 25. ஆக ஒரு வாரம் இருந்தாலும் 25-தான். உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போகும் திட்டமென்றால், வருடத்துக்குள் நீங்கள் விரும்பும் பத்து நாளுக்கு 32.50 என்ற முறை நல்லது. சுங்கத் துறையின் 'வியா' ஆப்பில் எல்லைக்கு முன்பே கட்டிவிடலாம். 40 பிராங்க் வின்யெட்டை வாங்கி ஒட்டிவிடாதீர்கள்; உங்கள் வண்டிக்கு அது வெறும் ஸ்டிக்கர்.

கேள்வி: இத்தாலியில் டோல் சீட்டு தொலைந்தால்? — திங்கள்நகர் வாசகர்

பதில்: அந்தச் சாலையின் மிகத் தொலைவான நுழைவிலிருந்து வந்ததாகக் கணக்குப் போட்டு வாங்குவார்கள். சீட்டை எடுத்ததும் சன் வைசரில் செருகுங்கள். அங்கே இரண்டு அச்சு மோட்டார் ஹோம் எத்தனை டன்னானாலும் 'பி' வகுப்பு. முன் அச்சுக்கு மேல் உயரம் 1.30 மீட்டரைத் தாண்டுகிறதா என்பதுதான் பேச்சு. மஞ்சள் பலகை லேன் 'டெலிபாஸ்' என்ற டோல் கருவி உள்ளவர்களுக்கு. தெரியாமல் நுழைந்துவிட்டால் ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. உதவிப் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும், 15 நாளுக்குள் அதைக் கட்டிவிடலாம்.

கேள்வி: என்னிடம் நாகர்கோவில் ஆர்.டி.ஓ. கொடுத்த லைசென்ஸ் இருக்கிறது. இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துக்கொண்டு போய், அங்கே மருமகன் களைத்தால் அவருக்குப் பதிலாக நான் ஓட்டலாமா? — நாகர்கோவில் வாசகர்

பதில்: இந்த வண்டியை வேண்டாம் ஐயா. நம் எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசென்ஸ் 7,500 கிலோ வரை செல்லும். அந்த நினைப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பாவில் கார் லைசென்ஸான 'பி' 3,500 கிலோவோடு நின்றுவிடும். அதிலிருந்து 7,500 வரை 'சி1' வேண்டும். பெர்மிட் என்பது 4ஏ படிவமும் 1,000 ரூபாயும் கட்டினால் ஒரு வருடத்துக்குக் கிடைக்கும் மொழிபெயர்ப்பு போன்றது. வகுப்பை அது உயர்த்தித் தராது. மருமகனிடமும் கேளுங்கள். 1997 ஜனவரி 1-க்குப் பிறகு பிரிட்டனில் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு 'சி1' தானாக வராது, தனி டெஸ்ட். அவரிடம் அது இல்லாவிட்டால், விபத்தென்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும்.

கேள்வி: ஜெர்மனியில் டோல் இல்லை என்று எழுதுகிறார்கள். ஆனால் சாலையோரம் நீலத் தூண்கள் படம் எடுக்கின்றனவே? — கருங்கல் வாசகி

பதில்: அவை லாரிகளுக்கு. 2024 ஜூலை 1 முதல் 3.5 டன்னுக்கு மேலுள்ள சரக்கு வண்டிகளுக்கு அங்கே டோல். சொந்தப் பயணத்து மோட்டார் ஹோமுக்கு இல்லை. சரக்கு வேனை மாற்றிக் கட்டிய வண்டி கேமராவுக்கு லாரி போலத் தோன்றலாம். அங்கே டோல் வசூலிக்கும் 'டோல் கலெக்ட்' நிறுவனத்திடம் விலக்கு பெற்ற வண்டி என்று முன்கூட்டியே பதிந்துவைத்தால் வீண் நோட்டீஸ் வராது.

கேள்வி: வெளிநாடு இருக்கட்டும். நான் 17 சீட் வேனை கேரவனாக மாற்றியிருக்கிறேன். திருப்பதிசாரத்திலும் நாங்குநேரியிலும் மினி பஸ் கட்டணம் கழிகிறது. நியாயமா? — ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: இங்கே கோடு 3,500 அல்ல, 7,500. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத, சீட் எண்ணிக்கையும் குறைவாக உள்ள வண்டி கார், ஜீப், வேன் வகுப்பு. எடையில் உங்கள் வேன் அதற்குள்தான் இருக்கும்; பார்க்க வேண்டியது சீட். ஆர்.சி.யில் மாற்றம் பதிந்து, புதிய சீட் எண்ணிக்கையும் ஏறிவிட்டதா? ஏறியிருந்தாலும் ஃபாஸ்டேக் பழைய ஆர்.சி.யின் வகுப்பிலேயே இருக்கும். அது தானாக மாறாது. டேக் கொடுத்த வங்கிக்குப் புதிய ஆர்.சி.யை அனுப்பி வகுப்பை மாற்றக் கேளுங்கள். ஏற்கெனவே கூடுதலாகக் கழிந்ததற்கு, குறுஞ்செய்தி வந்த தேதியும் நேரமும் சொல்லி நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-இல் புகார் பதியுங்கள். அதற்குள் கோபத்தில் டேக்கைப் பிய்த்துவிடாதீர்கள். டேக் இல்லாமல் ரொக்கம் நீட்டினால் இரண்டு மடங்கு, 2025 நவம்பர் 15-க்குப் பிறகு யு.பி.ஐ. என்றால் ஒன்றே கால் மடங்கு.