தேங்காய் நார் மக்க, பொடி வேண்டாம். காளான் வித்து போதும்

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாடித்தோட்டத்துக்கு உரம் தயாரிக்கிறேன். காய்கறித் தோல் சீக்கிரம் மக்கிவிடுகிறது. தேங்காய் நாரும் மாவிலையும் அரை வருடமாகியும் அப்படியே கிடக்கின்றன. ஆரஞ்சுத் தோல், வெல்லம் ஊறவைத்த 'பயோ என்சைம்' ஊற்றியும் பலனில்லை. கடையில் விற்கும் என்சைம் பொடி வாங்கலாமா?"

வேண்டாம் அம்மா. தொட்டியில் கிடக்கும் ஒரு மாவிலையை எடுத்துப் பாருங்கள். சதை கரைந்து நரம்புப் பின்னல் மட்டும் நிற்கும். அந்த நரம்பில்தான் லிக்னின், அதாவது செடிக்கு விறைப்புத் தரும் கெட்டிப் பொருள், அதிகம். தேங்காய் நார்க்கழிவில் (நார் பிரிக்கும்போது உதிரும் தூளில்) அது ஏறத்தாழ 30 சதவீதம். ஒரே மாதிரி இணைப்புகள் திரும்பத் திரும்ப வருகிற பொருளாக இருந்தால் ஒரு நொதியே (என்சைம்) வெட்டித் தள்ளிவிடும். லிக்னின் அப்படியல்ல, தாறுமாறாகப் பின்னியது. அதை முழுசாகச் சிதைக்கத் தெரிந்தவை முக்கியமாக வெள்ளை அழுகல் பூஞ்சைகள். லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளை உடலுக்கு வெளியே சுரந்து, லிக்னினை ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கின்றன. இவ்வகையில் பேர்போன லிக்னின் பெராக்சிடேஸ் 1983-இல்தான் கண்டறியப்பட்டது.

பெராக்சிடேஸ் வேலை செய்ய ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். வெறும் நொதியை வாங்கிப் போட்டால் அதை யார் தருவது? உயிருள்ள பூஞ்சை அதையும் தானே உண்டாக்கிக்கொள்ளும். உங்கள் ஆரஞ்சுத் தோல் கரைசல், மூடிய பாட்டிலில் புளித்த அமிலமும் ஆல்கஹாலும்தான். தரை துடைக்க நன்றாக இருக்கும், நாருக்கு உதவாது.

சரி, என்ன செய்யலாம்? சிப்பிக் காளானும் ஒரு வெள்ளை அழுகல் பூஞ்சைதான். அதன் வித்து (தானியத்தில் வளர்த்த காளான் இழை) வாங்குங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நார்க்கழிவுக்குப் பரிந்துரைக்கும் முறையே இதுதான்: ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி வித்து. வீட்டில் 10 கிலோ நாருக்கு 50 கிராம் யூரியா, ஒரு கைப்பிடி வித்து போதும். நாரை முதலில் அலசி உப்பைப் போக்குங்கள். ஒரு அடுக்கு நார், மேலே வித்து. அடுத்த அடுக்கு நார், மேலே யூரியா என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், ஒழுகக் கூடாது. தண்ணீர் தேங்கினால் காற்று போகாது. காற்றில்லாமல் இந்த நொதிகளுக்கு வேலையே இல்லை. எல்லாம் சரியாக அமைந்தால் சில வாரங்களில் வெள்ளை இழை பஞ்சாகப் படரும்.

முக்கியமாக, இதற்குத் தனித் தொட்டி வையுங்கள். ஈரக் கழிவோடு கலந்தால் சூடும் பாக்டீரியாவும் சேர்ந்து பூஞ்சையை அமுக்கிவிடும். கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் வைத்தாலும் அதே கதைதான். மாடிப்படிக்கு அடியில் வையுங்கள், அல்லது மழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் தொடங்குங்கள். மாவிலையையும் நறுக்கி இதிலேயே சேர்க்கலாம்.

தொட்டியில் குடைக் காளான் முளைத்தால் பிடுங்கிப் போடுங்கள். எந்த இனம் என்று உறுதியாகத் தெரியாததைச் சமைக்கவே கூடாது.