சராசரி 36 என்றால் யாருக்கு வயது 36?

கேள்வி: அமெரிக்காவில் வீடியோ கேம் ஆடுவோரின் சராசரி வயது 36 என்று ஓர் ஆங்கில நாளிதழில் படித்தேன். என் வீட்டில் பிளேஸ்டேஷன் ஆடுபவன் 9 வயது மகன். அக்கம்பக்கத்திலும் பிள்ளைகள்தான் ஆடுகிறார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட கணக்குதானே இது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கட்டிவிட்ட கணக்கு அன்று, ஆனாலும் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. 2024இல் அந்த எண்ணை வெளியிட்டது அமெரிக்க வீடியோ கேம் நிறுவனங்களின் சங்கமான என்டர்டெயின்மென்ட் சாஃப்ட்வேர் அசோசியேஷன். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல், கணினி, கைப்பேசி என எதில் ஆடினாலும், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஆடுகிற 5 முதல் 90 வயது வரையிலானோர் அனைவரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். அவர்களில் 29 விழுக்காட்டினர் 50 வயதைக் கடந்தவர்கள். ரயிலில் கைப்பேசியில் சொற்புதிர் போட்டுக்கொண்டு போகும் மூதாட்டியும் அதில் அடக்கம் என்பதால், 36 என்பதைக் கன்சோல் ஆடுவோரின் வயதாக எடுத்துக்கொள்வது பிழை. 10 வயதுப் பேரனும் 62 வயதுத் தாத்தாவும் ஆடுகிற வீட்டிலும் சராசரி 36தான் வரும். ஆனால் அந்த வீட்டில் 36 வயதுக்காரர் ஒருவரும் ஆடியிருக்க மாட்டார்.

ஆனால், கன்சோல் சிறுவர்களின் பொருள் என்று நீங்கள் முடிவுகட்டியிருக்கிறீர்களே, அது இதைவிடப் பெரிய பிழை. அந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்து, அந்தப் பெயரைக் கேட்டாலே கடைக்காரர்கள் முகம் சுளித்த நிலையில், 1985இல் அங்கே நுழைந்த ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ தன் கன்சோலுடன் ஒரு குட்டி ரோபோவையும் வைத்து, விளையாட்டுப் பொம்மையாகவே அதைக் கடைகளுக்குள் கொண்டுபோனது. பொம்மைக் கடையில் தொடங்கிய அந்த எண்ணம் இன்றும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஜப்பானில் 1983 ஜூலையில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோல் வெளிவந்தபோது 10 வயதில் அதை ஆடிய சிறுவன் இன்று ஐம்பதைத் தாண்டியவர். வளர்ந்த பிறகும் அவர்களில் பலர் ஆட்டத்தை விடவில்லை. 1994 டிசம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன், இருபதுகளில் இருந்த இளைஞர்களையே குறிவைத்தது. 2006இல் வந்த நின்டெண்டோவின் வீ, கையை வீசினால் திரையில் பந்து உருளும்படி செய்து, அமெரிக்க முதியோர் இல்லங்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கன்சோல் 10 கோடிக்கும் மேல் விற்றது. ஜப்பானின் ஹமாகோ மோரி 1981இல் தம் ஐம்பதுகளில் முதல் கன்சோலை வாங்கியவர். 2020இல், 90 வயதில், வீடியோ கேம் ஆடிக் காட்டும் யூடியூபர்களில் உலகிலேயே மூத்தவர் என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார். அவர் விரும்பி ஆடியவற்றுள் வயது வந்தோருக்கான ஆட்டங்களும் உண்டு என்பதை அறிந்தபோது அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

இத்தனையும் நான் சொல்வது கம்பெனிக்காரர்களுக்காக வாதாட அன்று, உங்கள் மகனுக்காக. பெரியவர்கள் ஆடுகிறார்கள் என்பதால்தான் பெரியவர்களுக்கான ஆட்டங்கள் உருவாகின்றன. 2013இல் வெளிவந்து 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5, ஐரோப்பிய வயது முத்திரையின்படி 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது. சென்ற ஆண்டு சென்னையில் ஒரு கடையில், நான்காம் வகுப்புப் படிக்கும் வயதில் இருந்த ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அந்த டிஸ்க்கை வாங்கிக்கொண்டிருந்தார். உறையின் கீழ் மூலையில், சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் 18 என்று இருந்ததன் மேல்தான் அவருடைய கட்டைவிரல் இருந்தது. நான் அதைச் சுட்டிக் காட்டியபோது, “கேம்தானே சார்” என்றார். பிள்ளைகளின் பொருள் என்று நம்பியதால், அந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அதே எண் ஒரு சினிமாச் சுவரொட்டியில் இருந்திருந்தால், மகளை அழைத்துக்கொண்டு அந்தத் தியேட்டருக்குள் அவர் போயிருப்பாரா?

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பிளேஸ்டேஷனை வாங்கி வந்த அன்று கணக்குத் திறக்கும்போது அது பிறந்த தேதியைக் கேட்டிருக்கும். யாருடைய தேதியைப் பதிந்தீர்கள்? பெரும்பாலான வீடுகளில் அப்பாவின் தேதிதான் பதிவாகிறது. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், அந்தக் கணக்கில் ஆடும் உங்கள் மகன் கன்சோலைப் பொறுத்தவரை ஒரு குடும்பத் தலைவர். வயதைப் பார்த்துத் தடுக்க வேண்டிய எதையும் அது அவனுக்குத் தடுக்காது. முன்பின் அறியாதவர்கள் ஆட்டத்தின் நடுவே அவனோடு பேசுவதையும் தடுக்காது. கம்பெனிகளின் வயதுக் கணக்கை நம்பலாமா என்று கேட்டீர்கள். கன்சோலில் பதிவாகும் வயதிலோ நம் கையால் சேர்ந்த பிழை இருக்கிறது. உங்கள் கணக்கின் கீழ் மகனுக்கென்று தனியாக ஒரு சிறுவர் கணக்கைத் திறந்து, அவனுடைய உண்மையான பிறந்த தேதியை இன்று மாலையே பதிந்துவிடுங்கள்.