ஹெர்னியாவுக்கு வலை வைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 58. வலது தொடை இடுக்கில் ஒரு வருடமாகப் புடைப்பு இருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது, ரொம்ப நேரம் நின்றால் வலிக்கிறது. ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்கிறார்கள். ஒரு டாக்டர் திறந்து ஆபரேஷன் செய்து வலை வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் சின்னத் துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியே நல்லது என்கிறார். என் மைத்துனர் வலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வலியால் கஷ்டப்பட்டார். வலை இல்லாமல் தையல் போட்டே சரிசெய்ய முடியாதா? இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன்.

பதில்: முடியும். வலை புழக்கத்துக்கு வரும் முன்பு எல்லாருக்கும் தையல்தான். 1880களில் இத்தாலிய அறுவை மருத்துவர் எடோவார்டோ பாஸினி வகுத்த முறையைத்தான் சிறுசிறு மாற்றங்களோடு நூறு ஆண்டுகள் செய்துவந்தார்கள். அதில் இருந்த சிக்கல் இதுதான்: விலகி நிற்கும் தசை விளிம்பை இழுத்துவந்து கீழே இருக்கும் தசைநாரோடு சேர்த்துத் தைக்க வேண்டும். நைந்துபோன துணியை இழுத்துத் தைத்தால் தையலின் பக்கத்திலேயே கிழியும் இல்லையா, அதே கதைதான். இருமும்போதும் முக்கும்போதும் தையலின் மேல் பாரம் விழும். கொஞ்ச காலத்தில் பலருக்குப் புடைப்பு திரும்ப வந்தது.

1980களில் லாஸ் ஏஞ்சல்ஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன் என்ற அறுவை மருத்துவர் தசையை இழுப்பதையே விட்டுவிட்டார். புடைப்பை உள்ளே தள்ளிவிட்டு, பலவீனமான இடத்தின் மேல் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆன வலையை விரித்து ஓரங்களைத் தைத்தார். வலையின் கண்கள் வழியே நம் திசு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் முதல் டாக்டர் சொல்வது பெரும்பாலும் இந்த முறையாகத்தான் இருக்கும். தையல் முறைகளில் கனடாவின் ஷோல்டைஸ் முறை இன்றும் நல்ல பெயரோடு இருக்கிறது. தசையை அடுக்கடுக்காக மடித்துத் தைப்பார்கள். ஆனால் அந்த நல்ல பலன் அதையே தினசரி வேலையாகச் செய்பவர்களின் கையில் கிடைப்பது. எப்போதோ ஒரு தடவை செய்பவரிடம் போய் அதை வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

மைத்துனரின் வலி விஷயத்துக்கு வருகிறேன். அந்த இடத்தில் மூன்று மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று தையலில் மாட்டினாலும், தழும்பில் சிக்கினாலும் வலி நீடிக்கலாம். வலை இல்லாமல் தைத்தவர்களுக்கும் இது வருகிறது. பழியை முழுதாக வலை மேல் போட முடியாது. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் ஏதோ ஒரு அளவில் வலி என்று சொல்பவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். அன்றாட வேலையே கெடும் அளவுக்கு வலி நீடிப்பது வெகு சிலருக்குத்தான். ஆகவே “நரம்புகளைக் கண்டுபிடித்துப் பாதுகாப்பீர்களா?” என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

லேப்ராஸ்கோப்பியிலும் வலை உண்டு. தசைக்கு மேலே வைப்பதற்குப் பதில் பின்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். சின்னத் துளைகள், முதல் சில நாட்களில் வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். இரண்டு பக்கமும் ஹெர்னியா இருந்தாலோ, முன்பு திறந்து செய்தது திரும்ப வந்திருந்தாலோ நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். புடைப்பு திரும்ப வரும் வாய்ப்பில், நன்கு பழகியவர் கையில், இரண்டு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உங்களுக்கு ஒரு பக்கம்தான், வருவதும் முதல் தடவை, இதயத்தில் ஸ்டென்ட் வேறு. என் சாய்வு திறந்து வலை வைப்பதன் பக்கம். காரணம், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தே அதைச் செய்யலாம். நீங்கள் விழித்துக்கொண்டே படுத்திருப்பீர்கள். வலையைத் தைத்ததும் “ஒரு தடவை இருமுங்கள்” என்பார் டாக்டர், புடைப்பு வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவார். ஆனால் உங்கள் ஊர் டாக்டர் தினமும் செய்வது லேப்ராஸ்கோப்பி, இதய மருத்துவரும் முழு மயக்கம் தாங்கும் என்கிறார் என்றால் தாராளமாக அதையே செய்துகொள்ளுங்கள். எந்த முறை என்பதைவிட அவருக்கு எது கைவந்தது என்பதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக் கூடாது; இரண்டு டாக்டர்களும் பேசி முடிவுசெய்யட்டும்.

இந்த வயதில் புராஸ்டேட் வீக்கமும் சகஜம். சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆபரேஷன் அன்று ராத்திரி சிறுநீர் அடைத்துக்கொண்டு திண்டாட நேரும். மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் அப்படித்தான், முதலில் கவனிக்க வேண்டியவை.

ஆபரேஷன் ஆன அன்றே எழுந்து நடக்கலாம். விரைப்பை நீலமும் கறுப்புமாகக் கன்றிப்போனால் பதற வேண்டாம், இரண்டு மூன்று வாரத்தில் நிறம் மாறிவிடும். தழும்பின் கீழே கயிறுபோல் கெட்டியாகக் கைக்குப் படுவதும் மெல்ல இளகும். ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க அவசரம் இல்லை. ஆனால் படுத்த பிறகும் புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, தொட்டால் வலித்து, கூடவே வாந்தி வந்தால் குடல் மாட்டிக்கொண்டிருக்கலாம். அன்று அதை நீங்களே அமுக்கிப் பார்க்காமல், எதையும் சாப்பிடாமல், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.