பிசுபிசுக்கும் வாணலி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் எதையும் வீணாக்கக் கூடாது என்று நினைப்பவள் நான். ஆனால் இந்த ஆண்டு தொட்டதெல்லாம் தோல்வி. பிள்ளைகளின் பழைய உடுப்புகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்தேன். முதல் சலவையிலேயே மூன்று இடங்களில் பிரிந்துவிட்டது. பழைய பொருள் விற்கும் இடத்தில் கனமான வார்ப்பிரும்பு வாணலி ஒன்று மலிவாகக் கிடைத்தது. உள்ளே துரு, வெளியே கெட்டியான கரி. யாரோ சொன்னதைக் கேட்டு இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்தேன். துரு போயிற்று, கரி அசையவில்லை, வாணலி சொரசொரப்பாகிவிட்டது. பிறகு தாராளமாக எண்ணெய் பூசி ஓவனில் 150 டிகிரியில் வைத்து எடுத்தேன். இப்போது தொட்டால் விரல் ஒட்டுகிறது. முட்டையைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பேசாமல் நெருப்பில் போட்டுச் சுட்டுவிடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லாரும் களைத்து வரும் மாலைகளில் நான் வைக்கும் சூப்பும் வெறும் தண்ணீராக இருக்கிறது. கணவர் சிரித்துக்கொண்டே, “இது சிக்கனமா, கஞ்சத்தனமா?” என்று கேட்கிறார். இரண்டுக்கும் எல்லை எங்கே இருக்கிறது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரக்கப்பட்டு எண்ணெய் ஊற்றியே பழைய பாத்திரங்களைக் கெடுக்கிறார்கள் என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். சாட்சி போல உங்கள் கடிதம் வந்து நிற்கிறது. ஆகவே உங்கள் கணவரின் கேள்வி சற்றுக் காத்திருக்கட்டும்.

போர்வையை முதலில் முடித்துவிடுகிறேன். இற்றுப்போன துணியையும் புதுத் துணியையும் சேர்த்துத் தைத்தால், இழுபடும்போது பலவீனமான பக்கம்தான் கிழியும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். இரு கட்டைவிரலாலும் இழுத்தும் பார்த்திருக்க வேண்டும். இழை விலகித் தெரிகிற துண்டு போர்வைக்கு ஆகாது. புதுத் துணிக்கு ஓரத்தில் 6 மில்லிமீட்டர் தையல் விட்டால் போதும். பழையதற்கு 12 மில்லிமீட்டர் விடுங்கள். டி-ஷர்ட் போன்ற பின்னல் துணியாக இருந்தால் அதன் பின்பக்கத்தில், சூடுபட்டால் ஒட்டிக்கொள்ளும் ஃபியூசிங் துணி வைத்த பிறகே வெட்ட வேண்டும். பிரிந்த மூன்று இடங்களிலும் மேலே ஒரு துண்டு வைத்துத் தைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது குறையாகவே தெரியாது. போர்வை பற்றி இவ்வளவுதான்.

இனி வாணலி.

உங்கள் முதல் தவறு, இரண்டு வெவ்வேறு அழுக்குகளை ஒன்றென்று நினைத்தது. கறுப்பாக இருப்பது வெந்து கெட்டித்த எண்ணெய். சிவப்பாக இருப்பது துரு, அதாவது இரும்பின் ஆக்சைடு. துருவை அமிலம் கரைக்கும். எண்ணெய்க் கரியை அது ஒன்றும் செய்யாது. அதைக் காரம்தான் தின்னும். வினிகரில் எத்தனை இரவு போட்டாலும் கரி அப்படியேதான் இருக்கும். துரு தீர்ந்த பிறகு அமிலம் சும்மாவும் இருக்காது, நல்ல இரும்பை அரிக்கத் தொடங்கும். நீங்கள் சொல்லும் சொரசொரப்பு அப்படி வந்தது. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, கால் மணிக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. இரவு முழுக்க என்று சொன்னவர் யாரோ, அவர் பேச்சை இனிமேல் கேட்காதீர்கள்.

கரியை முதலில் எடுக்க வேண்டும், துரு அதற்குப் பிறகு. கரிக்குக் காஸ்டிக் சோடா என்னும் கடுங்காரம். 20 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ, பிளாஸ்டிக் வாளியில். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். நீளக் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் இல்லாமல் தொடவே வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாளியை மூடி, அவர்கள் போகாத இடத்தில் வையுங்கள். அலுமினியம் எதுவும் அதில் விழக் கூடாது. அந்தக் காரம் அலுமினியத்தைக் கரைத்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். இரண்டு மூன்று நாளில் கரி இளகிவிடும், இரும்பு நாரால் தேய்த்தால் வழன்று வரும். வாளி வேண்டாம் என்றால் காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனரை அடித்து, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒன்றிரண்டு நாள் வைத்தாலும் அதே வேலை நடக்கும். கையுறையும் கண்ணாடியும் அதற்கும் உண்டு. நன்றாகக் கழுவிய பிறகே வினிகருக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். வார்ப்பிரும்பு உடையக்கூடிய உலோகம். திறந்த நெருப்பில் ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் குளிர்ந்திருந்தால் கோணும், வெடிக்கும். தப்பிப் பிழைத்தாலும் மேற்பரப்பு செம்பழுப்பாக மாறி, எண்ணெய்ப் படலத்தைப் பிடித்துக்கொள்ளாமல் உதிர்க்கும். அதற்குப் பிறகு அந்த வாணலியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சுத்தமான இரும்பு சாம்பல் நிறத்தில் இருக்கும். கழுவி வைத்த சில நிமிடங்களிலேயே அதன் மேல் ஆரஞ்சு நிறம் படரும். பயப்படாதீர்கள், துணியில் துடைத்தால் போய்விடும். ஆனால் காற்றில் காயட்டும் என்று விடக் கூடாது. உடனே துடைத்து, 120 டிகிரி ஓவனில் கால் மணி நேரம் வையுங்கள். ஈரம் முழுக்கப் போகும், வாணலியும் சூடாகும். சூட்டில் எண்ணெய் மெலிதாகப் பரவும்.

இப்போதுதான் உங்களோடு எனக்குச் சண்டை. “தாராளமாக எண்ணெய் பூசி” என்று எழுதியிருக்கிறீர்கள். வாணலியைப் பழக்குவது என்பது அதற்கு எண்ணெய் குடிக்கக் கொடுப்பதல்ல. இரும்பு எண்ணெயை உறிஞ்சுவதில்லை. சூட்டிலும் காற்றிலும் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாக மாறுகின்றன. அந்தப் படலம்தான் வாணலியின் கறுப்பு. மெல்லிய பூச்சாக இருந்தால் அடிவரை இறுகும். தடித்த பூச்சில் மேல்தோல் இறுகி உள்ளே கூழாக நிற்கும். விரல் ஒட்டுவதும் முட்டை ஒட்டுவதும் அந்தக் கூழால்தான். போதாக்குறைக்கு 150 டிகிரி. அந்தச் சூட்டில் பிணைப்பு மெதுவாகத்தான் நடக்கும். நீங்கள் பூசிய கனத்துக்கு அது எந்த மூலைக்கும் போதாது.

25 சென்டிமீட்டர் வாணலிக்கு உள்ளே, வெளியே, கைப்பிடி எல்லாம் சேர்த்து அரை டீஸ்பூன் எண்ணெய். அரைதான். பூசிய பிறகு, நூல் உதிராத உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். பிறகு வேறொரு துணி எடுத்து, தவறுதலாக எண்ணெய் பட்டுவிட்டது, அதை முழுக்க எடுத்தாக வேண்டும் என்பவர் போல மறுபடி துடையுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். பார்வைக்கு உலர்ந்தாற்போல் இருக்க வேண்டும். ஓவனில் பத்து நிமிடம் ஆனதும் வெளியே எடுத்து மூன்றாவது முறை. ஏனென்றால் சூட்டில் எண்ணெய் சின்னச் சின்ன முத்துகளாகத் திரளும். அந்த முத்துகள் அப்படியே இறுகினால் வாணலி முழுக்கப் புள்ளி விழும். எண்ணெய் பூச எல்லாருக்கும் தெரியும். துடைக்கத்தான் மனம் வருவதில்லை. பாசத்தோடு வாங்கிய பொருளுக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. கொடுத்ததைத் திரும்ப எடுப்பது கருமித்தனமாகத் தெரிகிறது போலும். உங்கள் வாணலிக்கு இப்போது அந்தக் கருமித்தனம்தான் வேண்டும்.

பிறகு கவிழ்த்து வைத்து, 230 முதல் 250 டிகிரி வரை, ஒரு மணி நேரம். புகை வரும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். மரக் கைப்பிடி இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் தானாக ஆறவிடுங்கள். இதை மூன்று முறை செய்தால் போதும். முதல் முறையில் பழுப்பாகத்தான் இருக்கும். கறுக்கவில்லையே என்று அடுத்த முறை எண்ணெயைக் கூட்டாதீர்கள். கறுப்பு சமைக்கச் சமைக்க வரும்.

எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். சூரியகாந்தி, சோயா இரண்டில் எது வீட்டில் இருக்கிறதோ அது. இறுகுவதற்கு நிறைவுறாக் கொழுப்பு வேண்டும். தேங்காய் எண்ணெயிலும் வெண்ணெயிலும் அது குறைவு. வெண்ணெயில் பால்பொருளும் சேர்ந்து கருகும். ஆளிவிதை எண்ணெய்தான் உயர்ந்தது என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்கிறது. கண்ணாடி போலப் பளபளக்கும், உண்மைதான். கொஞ்ச நாள் சமைத்ததும் செதில் செதிலாக உரிந்து வருவதும் உண்டு. படம் எடுத்து மாட்டத்தான் வாணலி என்றால் அதைப் பூசுங்கள்.

இப்போது இருக்கிற பிசுபிசுப்புக்கு என்ன வழி? பூச்சு ஓரளவு சமமாக இருந்தால் எண்ணெய் எதுவும் சேர்க்காமல் கவிழ்த்து 240 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் இறுகிவிடும். வடிந்த தடமும் திட்டுமாக இருந்தால் அந்த இடங்களை இரும்பு நாரால் தேய்த்து எடுத்துவிட்டு மெல்லிய பூச்சிலிருந்து தொடங்குங்கள். வெளியே மிச்சமிருக்கும் கரி சமையலுக்குத் தடையில்லை. கண்ணை உறுத்தினால் மட்டும் காஸ்டிக் சோடா. அரிப்பால் வந்த சொரசொரப்பு முழுதாகப் போகாது. சமைக்கச் சமைக்கப் படலம் பள்ளங்களை ஓரளவு நிரப்பும். முட்டை மட்டும் கொஞ்சம் கூடுதல் எண்ணெய் கேட்கும்.

முட்டை ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். வார்ப்பிரும்பு அலுமினியத்தைப் போல வேகமாகச் சூட்டைக் கடத்தாது. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வேகம்தான் தேறும். பெருந்தீயில் வைத்தால் நடுவில் கருகும், ஓரம் பச்சையாக இருக்கும். சிறு தீயில் ஐந்து முதல் எட்டு நிமிடம் வெறும் வாணலியைக் காயவிட்டு, பிறகு எண்ணெய், பிறகு முட்டை. சூடான வாணலியில் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். சோப்பு போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போடலாம். பழைய காலச் சோப்பில் காரம் மிச்சமிருந்ததால் வந்த பயம் அது. இறுகிய படலம் இன்றைய பாத்திரம் கழுவும் திரவத்தில் கரையாது. தொட்டியில் ஊறவிடுவதுதான் கெடுதல். கழுவியதும் அடுப்பில் இரண்டு நிமிடம் காயவைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி, துடைத்து (இங்கேயும் துடைத்து!) வையுங்கள். பழகும்வரை தக்காளி மாதிரிப் புளிப்பானதை அதில் நெடுநேரம் கொதிக்கவிட வேண்டாம். படலம் கரைந்து, சாப்பாட்டில் இரும்பு வாசம் ஏறும்.

சூப்பைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். அது தண்ணீராக இருப்பதற்குக் காரணம் அவசரம். வெங்காயத்தைப் பத்து நிமிடத்தில் பொன்னிறமாக்கலாம் என்று எழுதும் சமையல் குறிப்புகளை நம்பாதீர்கள். பத்து நிமிடத்தில் ஓரம் கருகும், இனிப்பு வராது. ஒரு கிலோ வெங்காயம், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, சிறு தீ, முக்கால் மணி நேரம். அடி பிடிக்கும்போதெல்லாம் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிக் கலக்குங்கள். கால் பங்காகச் சுருங்கிப் பழுப்பாக வரும். ஆறவைத்துச் சின்னச் சின்னப் பங்காக உறையவைத்தால், களைத்து வரும் மாலையில் ஒரு பங்கைக் கொதிநீரில் போட்டாலே சூப்புக்கு உடம்பு வந்துவிடும். வாணலியைப் பழக்கவும் இதைவிட நல்ல சமையல் இல்லை.

கணவரின் கேள்விக்கு வருகிறேன். மூன்று மணி நேர ஓவன் செலவு, காஸ்டிக் சோடா, கையுறை, உங்கள் ஒரு வார இறுதி எல்லாவற்றையும் வாணலியின் விலையோடு கூட்டுங்கள். புதிய வாணலி அதைவிட மலிவாக வந்தால் அவர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் நீங்கள் செய்யலாம், விருப்பத்துக்காகச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு. சிக்கனம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். எல்லை எங்கே என்று தத்துவம் பேச எனக்கு இன்று நேரமில்லை.

ஏனென்றால் மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைக் கடிதத்தில் எங்கும் காணோம். பழைய இரும்பு வாணலிகளில் சிலர் காரீயம் என்னும் நச்சு ஈயத்தை உருக்கியிருப்பார்கள், தூண்டில் குண்டு வார்ப்பதற்காக. ஈயம் 327 டிகிரியிலேயே உருகும், அடுப்பே போதும். உள்ளே வெள்ளிச் சாம்பல் நிறத்தில் தீற்றலோ, நகத்தால் கீறினால் பளபளக்கும் மென்மையான சொட்டோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டாலும், வாங்கிய இடத்தில் வரலாறு சொல்லத் தெரியாத வாணலி என்றால் ஈயம் காட்டும் சோதனைக் குச்சியால் கரியில்லாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். நிறம் மாறினால் எவ்வளவு துடைத்தாலும் அது சமையலுக்கு ஆகாது. தேய்த்துச் சுத்தம் செய்யவும் முயல வேண்டாம், தூள் பறக்கும். பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி மரக்கரண்டியால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் கைப்பிடி சேரும் இடத்திலும் விளிம்பிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தேடுங்கள். இந்த இரண்டையும் முடிக்கும்வரை அதில் பிள்ளைகளுக்கு முட்டை பொரிக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்